குமிழி எழுப்பாத மூச்சு

ஸ்கூபா உருளையுடன் கடலில் மூழ்குபவர் விடும் ஒவ்வொரு மூச்சும் குமிழியாக மேலே வந்து ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். இந்தியக் கடற்படையில் 1987இல் உருவான மார்கோஸ் போன்ற மறைமுகத் தாக்குதல் படைகளுக்கு அது ஒத்துவராது. இத்தகைய வேலைக்கென்றே இருப்பது ஆக்சிஜன் ரீபிரீத்தர். இதில் விட்ட மூச்சு வெளியேறுவதில்லை. அதிலுள்ள கரியமில வாயுவைச் சோடா சுண்ணாம்பு உறிஞ்சிக்கொள்கிறது. உடல் செலவழித்த ஆக்சிஜனைச் சிறு உருளை ஈடுகட்டுகிறது. 1878இல் இங்கிலாந்தின் ஹென்றி ஃப்ளூஸ் வகுத்த அடிப்படை இது. 1941 டிசம்பரில் அலெக்சாந்திரியா துறைமுகத்தில் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களுக்கு வெடி வைத்த இத்தாலிய வீரர்கள் அணிந்ததும் இவ்வகைக் கருவிதான்.

ஆயத்தம் கரையிலேயே தொடங்குகிறது. ஆக்சிஜன் செல்லும் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு துளியும் ஆகாது. அழுத்த ஆக்சிஜனில் அது தீப்பிடிக்கும். சுண்ணாம்பு மணிகளைத் தட்டித் தட்டி இடைவெளியின்றி நிரப்புகிறார்கள். தளர்வாக இருந்தால் மூச்சுக் காற்று அந்தச் சந்து வழியே நழுவி, கரியமில வாயு அப்படியே திரும்பிவரும். தண்ணீர் புகுந்தாலோ கொப்பளிக்கும் காரநீர் வாய்க்கே வரும். ஆகவே காற்றை ஏற்றியும் உறிஞ்சியும் கசிவு பார்ப்பது கட்டாயம்.

எல்லாவற்றிலும் நயவஞ்சகமானது நைட்ரஜன். விட்ட மூச்சு சேரும் பையிலும் நுரையீரலிலும் அது மிஞ்சியிருந்தால், ஆக்சிஜன் தீர்ந்த பிறகும் பை சுருங்காது. பை சுருங்கினால்தான் ஆக்சிஜன் வால்வு திறக்கும். மூச்சுத் திணறலை உணர்த்துவது பெரும்பாலும் கரியமில வாயு; அதைத்தான் சுண்ணாம்பு அகற்றிவிடுகிறதே! வீரர் எந்த அவஸ்தையும் தெரியாமல் மயங்கிவிடுவார். அதனால் நீரில் இறங்குமுன் பையை ஆக்சிஜனால் நிரப்பி, மூச்சிழுத்து, மூக்கு வழியே வெளியே விட்டு, இப்படியே சில முறை செய்து நைட்ரஜனைக் கழுவித் தள்ளுகிறார்கள்.

அடுத்தது ஆழம். தூய ஆக்சிஜனுக்குப் பொதுவான எல்லை சுமார் 6 மீட்டர். அதைத் தாண்டினால் வலிப்பு வரலாம். ஒரே ஆளின் தாங்குதிறன்கூட நாளுக்கு நாள் மாறுவதை 1940களில் பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் கென்னத் டொனால்டின் சோதனைகள் காட்டின. ஆவுடையார்கோவிலுக்குத் தென்கிழக்கே, மீமிசல் கரையைத் தொடும் பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல் என்று பெயரெடுத்தது. அங்கும் 6 மீட்டரைத் தாண்டும் இடங்கள் ஏராளம். ஆழமானியிலிருந்து கண்ணை எடுக்க முடியாது.

கரையேறியதும் சுண்ணாம்பைக் கொட்டிவிடுவதே முறை. நிறம் மாறும் வகைச் சுண்ணாம்பு, சற்று நேரம் சும்மா கிடந்தாலே பழைய நிறத்துக்குத் திரும்பிவிடும். உறிஞ்சும் திறன் திரும்புவதில்லை.