ஒரு சோறு பதமா?



"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது நாம் அனைவரும் அறிந்த பழமொழி. விடியுமுன் எழுந்து சோறு வடிக்கும் தாய், ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்க்கிறார். அது வெந்திருந்தால் பானை முழுவதும் வெந்துவிட்டது என்று இறக்கி வைக்கிறார். இதில் தவறு நேர்வதில்லை.

மேற்படிப்புக்கு மனுச் செய்த பிள்ளைக்கு ஓரிடத்திலிருந்து "இடமில்லை" என்று பதில் வரும்போதும், நாம் இதே பழமொழியைத்தான் மனத்துக்குள் சொல்லிக்கொள்கிறோம். "அங்கேயே இல்லை என்றால் வேறு எங்கே கிடைக்கப்போகிறது?" என்று வீடே சோர்ந்துவிடுகிறது. மற்ற பதில்கள் வருவதற்குள் பிள்ளை தொழிற்சாலை வேலைக்குப் பெயர் கொடுத்துவிடுகிறது. கோல சிலாங்கூரிலும், ஈஜோக்கிலும், சபாக் பெர்ணமிலும், உலு பெர்ணமிலும் இது நாம் காணாத காட்சியன்று. ஒரு மறுப்பு மற்ற மறுப்புகளுக்கு அறிகுறியா? இதை இன்று நாம் சேர்ந்து ஆராய்வோம்.

முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும். நம்முடைய இந்த அச்சம் வெறும் கற்பனையில் பிறந்ததன்று. 1949-ல் சிங்கப்பூரில் தோன்றிய மலாயாப் பல்கலைக்கழகம் 1959-ல் கோலாலம்பூரில் தன் பிரிவைத் தொடங்கியது. 1962-ல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. 1969-ல் பினாங்கில் இரண்டாவது பல்கலைக்கழகம் எழும் வரை நாட்டில் அது ஒன்றுதான். கதவு ஒன்றே இருந்த காலத்தில், அக்கதவு மூடினால் பாதையே மூடியதாகத்தான் பொருள். நம் பாட்டன்மார் கண்ட உண்மை அது.

ஆனால் காலம் மாறிவிட்டது. இன்று அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் மட்டும் 20 இருக்கின்றன. 1996-ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்விச் சட்டத்திற்குப் பிறகு தனியார் பல்கலைக்கழகங்களும் பெருகின. 1917-ல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் உருவானது தென்னமாரத்தில் அல்லவா? பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் அழைத்துவந்த அதே வட்டாரத்தில், இன்றைய பெஸ்தாரி ஜெயாவில், யூனிசெல் என்னும் சிலாங்கூர்ப் பல்கலைக்கழகம் நிற்கிறது. கதவுகள் பல ஆனபின்னும் ஒரே கதவுக் காலத்து அச்சத்தை நாம் சுமக்கலாமா?

இனி நம் பழமொழிக்கு வருவோம். ஒரு சோறு ஏன் பதம் சொல்கிறது? எல்லாச் சோறும் ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே அடுப்பு என்பதால்தான். பக்கத்து வீட்டுப் பானையைப் பற்றி அந்தப் பருக்கை எதுவும் சொல்லாது. ஆகவே மறுப்பு வந்தவுடன் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இதுவும் மற்றதும் ஒரே பானையா, வேறு வேறு பானையா?

ஒரே பானையாக இருக்கும் இடங்கள் உண்டு. அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு யூ.பி.யூ. என்னும் பொது அமைப்பின் வழியாக ஒரே மனுச் செய்கிறோம். அதில் பல படிப்புகளை விருப்ப வரிசையில் குறிப்பிடுகிறோம். தேர்வு மதிப்பெண்ணுக்கு நூற்றுக்குத் தொண்ணூறு, புறப்பாட நடவடிக்கைக்குப் பத்து என்று கூட்டித் தரவரிசை போடுகிறார்கள். எஸ்.பி.எம். தேர்வில் மலாய் மொழியில் கிரெடிட் வேண்டும். 2013 முதல் வரலாற்றுப் பாடத்திலும் தேர்ச்சி வேண்டும். இந்த அடிப்படைத் தகுதி இல்லாத பிள்ளையை ஒரு பல்கலைக்கழகம் மறுத்தால், மற்ற அரசாங்கப் பல்கலைக்கழகங்களும் மறுக்கும். இங்கே ஒரு சோறு பதம்தான். மனு மேல் மனு போடுவதால் பயனில்லை. அந்தப் பாடத்தை மீண்டும் எழுதித் தேறுவதே வழி.

வேறு பானைகளும் உண்டு. மெட்ரிகுலேஷன் வகுப்பை எடுத்துக்கொள்வோம். அதற்கு மனு தனி. அங்கே நூற்றுக்குத் தொண்ணூறு இடங்கள் பூமிபுத்திரா மாணவர்களுக்கும், பத்து இடங்கள் மற்றவர்களுக்கும் என்பது இருந்துவந்த கணக்கு. 2019-ல் மொத்த இடங்களை 25,000-லிருந்து 40,000 ஆக உயர்த்தியபோதும் இந்தப் பங்கு மாறவில்லை. அந்தப் பத்துப் பங்குக்குள் இடம் கிடைக்காத பிள்ளை, படிப்பில் குறைந்த பிள்ளை என்று எப்படிச் சொல்ல முடியும்? அதே பிள்ளை ஆறாம் படிவத்தில் சேர்ந்து, எஸ்.டி.பி.எம். தேர்வில் நல்ல புள்ளிகள் பெற்று, பல்கலைக்கழகப் படியேறுவதற்குத் தடையில்லை. மெட்ரிகுலேஷனின் மறுப்பு ஆறாம் படிவத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மறுத்தது எந்தப் படிப்பு? சிலாங்கூர் ஆற்றங்கரையில் வெள்ளம் வருவதை நாம் கண்டிருக்கிறோம். பள்ளத்து வீட்டில் தண்ணீர் புகுந்தால் மேட்டு வீட்டுக்காரர் பெட்டி கட்டுவதில்லை. மேட்டு வீட்டிலேயே புகுந்துவிட்டதென்றால், பள்ளத்து வீட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அதுபோல, மிகக் கடுமையான போட்டியுள்ள மருத்துவப் படிப்பு மறுக்கப்பட்டால், அது மற்றப் படிப்புகளைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. எளிதில் இடம் கிடைக்கும் என்று நம்பிய படிப்பே மறுக்கப்பட்டால், அதைவிடக் கடினமானவற்றில் நம்பிக்கையைக் குறைத்துக்கொண்டு மாற்று வழி தேடுவதே அறிவுடைமை.

உலகம் போற்றும் கணித மேதை இராமானுஜனின் வாழ்க்கை இந்த இரண்டையும் காட்டுகிறது. 1904-ல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தோடு சேர்ந்தார். கணக்கிலேயே மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் அந்தச் சம்பளத்தை இழந்தார். பின்னர்ச் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார், அங்கும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. இரண்டு இடத்திலும் எல்லாப் பாடங்களையும் கேட்கும் ஒரே அளவுகோல். முதல் தோல்வி இரண்டாவதை முன்கூட்டியே சொல்லிவிட்டது. பிறகு அவர் வேறு அளவுகோலைத் தேடினார். சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்துகொண்டே கேம்பிரிட்ஜ் கணித அறிஞர்களுக்குத் தம் கணக்குகளை எழுதி அனுப்பினார். பேக்கர், ஹாப்சன் என்ற இருவரிடமிருந்து உதவி கிட்டவில்லை. 1913 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதினார். அவர் அந்தக் கணக்குகளின் அருமையைக் கண்டுகொண்டார். 1914-ல் இராமானுஜன் கப்பலேறினார். 1918-ல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். மறுத்தவர்களும் ஏற்றவரும் ஒரே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் என்பதை நாம் மறக்கலாகாது. இரண்டு பதில்களோடு அவர் எழுதுகோலைக் கீழே வைத்திருந்தால்?

எல்லாப் பிள்ளையும் இராமானுஜன் ஆகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. மறுப்பு வந்தால் நாம் செய்ய வேண்டியது என்ன என்பதே பேச்சு.

முதலாவது, காரணத்தைக் கண்டறிவோம். தகுதிக் குறைவா, புள்ளிக் குறைவா, இடக் குறைவா? பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் பெற்றோரே நேரில் சென்று கேட்கலாம். தாய் தகப்பன் படிக்கவில்லையே என்று கூச்சப்பட வேண்டியதில்லை. தகுதிக் குறைவு எங்கும் பின்தொடரும். இடக் குறைவு அந்த இடத்தோடு நின்றுவிடும்.

இரண்டாவது, நாளைத் தவறவிடாதிருப்போம். யூ.பி.யூ. முடிவுக்கு மேல்முறையீடு செய்ய வழியுண்டு. ஆனால் அதற்குக் கொடுக்கும் தவணை சில நாட்களே. நாம் அழுது தீர்ப்பதற்குள் அந்த நாட்கள் ஓடிவிடும்.

மூன்றாவது, மனுச் செய்யும்போதே எல்லா விருப்பங்களையும் ஒரே மாதிரிப் படிப்பில் வைக்காமல், உயர்ந்தது சில, நடுத்தரம் சில, உறுதியானது சில என்று வைப்போம். எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகள் அதே யூ.பி.யூ. மனுவில் பொலிடெக்னிக்கையும் சமூகக் கல்லூரியையும் கேட்கலாம். சபாக் பெர்ணம் வட்டாரத்திலேயே சுல்தான் இட்ரிஸ் ஷா பொலிடெக்னிக் இருக்கிறது. டிப்ளோமா பெற்ற பின் பட்டப்படிப்புக்குத் தொடரவும் வழியுண்டு.

நான்காவது, பயத்தில் பணம் கட்டாதிருப்போம். மறுப்பு வந்த மறுநாளே முன்பணம் கேட்டு வாசலுக்கு வருபவர்கள் உண்டு. அந்தப் படிப்பு முறையாக அங்கீகாரம் பெற்றதா, பி.டி.பி.டி.என். கல்விக் கடன் அதற்குக் கிடைக்குமா என்று விசாரித்த பிறகே ஒரு வெள்ளியையும் எடுப்போம்.

நேயர்களே, மறுப்புக் கடிதம் சொல்வது, இந்தப் படிப்புக்கு, இந்த ஆண்டு, இந்த இடத்தில் இடமில்லை என்பதை மட்டுமே. அதற்கு மேல் அது சொல்லாத பொருளை நாமே எழுதிச் சேர்த்துப் பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டாம். ஒரு பருக்கை வேகவில்லை என்பதற்காக ஊரிலுள்ள அடுப்புகளையெல்லாம் யாரும் அணைப்பதில்லை. அடுத்த பதில் வரும்வரை நம் பிள்ளை படித்துக்கொண்டிருக்கட்டும். நாமும் அதற்குத் துணையாக இருப்போம்.