மூணாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன தெரிஞ்சிருக்கணும்?

உங்க வீட்டுப் பிள்ளை இந்த வருஷம் மூணாம் வகுப்பா? அப்போ இந்தப் பேச்சு உங்களுக்குத்தான்.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டப் பள்ளிகள்ல எட்டாம் வகுப்பு வரைக்கும் யாரையும் ஃபெயில் ஆக்கறதில்ல. நல்ல ஏற்பாடுதான். எட்டு வயசுல ஒரு பிள்ளையைப் பழைய வகுப்புலயே உக்கார வச்சா, அதுக்குப் பள்ளிக்கூடமே கசந்துடும். ஆனா எல்லாரும் பாஸுன்னா, பாஸை வச்சு நாம எதையும் தெரிஞ்சுக்க முடியாது. பிள்ளைக்கு நிஜமாவே என்ன தெரியும்னு வீட்டுல நாமதான் பாக்கணும். எப்படின்னு பாடம் பாடமா சொல்றேன்.

முதல்ல தமிழ். நிறைய பிள்ளைங்க பாடத்தைப் படிக்கறதில்ல, ஒப்பிக்குதுங்க. கண்ணு புத்தகத்துல இருக்கும், வாய் மனப்பாடத்தைச் சொல்லிக்கிட்டிருக்கும். அதனால இன்னும் நடத்தாத பாடத்துல ஒரு பக்கத்தைப் பிரிச்சுக் குடுங்க. நடுவுல ஒரு வரியைத் தொட்டுக் காட்டி வாசிக்கச் சொல்லுங்க. அப்புறம் புத்தகத்தை மூடிட்டு, "என்ன கதைப்பா இது?"ன்னு கேளுங்க. சொந்த வார்த்தையில சொல்லிட்டா போதும். ல, ள, ழ மாத்தி எழுதறதுக்கெல்லாம் இப்பவே அடிக்காதீங்க. வாசிக்க வாசிக்கத் திருந்தும்.

அடுத்தது கணக்கு. இங்கதான் கொஞ்சம் நிக்கணும். 304லேர்ந்து 178ஐக் கழிக்கச் சொல்லுங்க. 274ன்னு எழுதற பிள்ளைங்க உண்டு. ஏன் தெரியுமா? நாலுலேர்ந்து எட்டு போகாதுல்ல? அதனால எட்டுலேர்ந்து நாலைக் கழிச்சுடுது. ஏழுலேர்ந்து பூஜ்யத்தைக் கழிச்சுடுது. கவனக்குறைவுன்னு நாம திட்டுவோம். ஆனா அதுக்கு இன்னும் இடமதிப்பு புரியல, அதான் விஷயம்.

இதுக்கு டியூஷன் வேண்டாம். மூணு நூறு ரூபாய் நோட்டும், நாலு ஒரு ரூபாய் காசும் கையில குடுங்க. "எனக்கு 178 ரூபாய் குடு"ன்னு கேளுங்க. குடுக்க முடியாம முழிக்கும். சில்லறை மாத்தணும்னு அதுக்கே தோணும். ஒரு நூறைப் பத்துப் பத்து ரூபாயா மாத்தி, அதுல ஒரு பத்தை ஒவ்வொரு ரூபாயா மாத்தினா, கணக்கு முடிஞ்சு கையில 126 நிக்கும். 'கடன் வாங்கறது'ன்னு டீச்சர் சொன்னது அப்பதான் விளங்கும். வாய்ப்பாடும் அப்படித்தான். "ஆறு நாலு எவ்வளவு?"ன்னு கேக்கறதோட, "ஆறு பேருக்கு ஆளுக்கு நாலு இட்லி, மொத்தம் எத்தனை?"ன்னும் கேளுங்க.

இங்கிலீஷ் நமக்குத் தெரியாதேன்னு பல அம்மாக்கள் தயங்கறாங்க. தயங்க வேண்டாம். பிள்ளையை ரெண்டு வரி வாசிக்கச் சொல்லி, அதுக்குத் தமிழ்ல அர்த்தம் கேளுங்க. வாசிக்குது, அர்த்தம் தெரியலன்னா எங்க இடிக்குதுன்னு உங்களுக்கே புரிஞ்சுடும்.

ரெண்டாம் வகுப்பு வரைக்கும் சூழ்நிலையியல்னு ஒரே பாடம். மூணாவதுலதான் அது அறிவியல், சமூக அறிவியல்னு ரெண்டாப் பிரியுது. கேள்வி பதில் மனப்பாடம் தலைகாட்டற இடமும் இதுதான். திடம், திரவம், வாயுன்னு கிளி மாதிரி சொல்லும். சோத்துப் பானை மூடியைத் திறந்து காட்டி, "உள்பக்கம் தண்ணி எப்படி வந்துச்சு?"ன்னு கேளுங்க. பள்ளிக்கூடத்துலேர்ந்து வீட்டுக்கு வர்ற வழியைப் படமா வரையச் சொல்லுங்க. கிழக்கு எதுன்னு வாசல்ல நின்னு காட்டச் சொல்லுங்க.

2022ல தமிழ்நாடு அரசு எண்ணும் எழுத்தும்னு ஒரு திட்டத்தைப் பள்ளிகள்ல தொடங்கினப்போ, பிள்ளைங்களை அரும்பு, மொட்டு, மலர்னு நிலை நிலையாப் பிரிச்சாங்க. எந்த வகுப்புல இருக்குன்னு பாக்காம, என்ன தெரியும்னு பாத்துச் சொல்லிக் குடுக்கற முறை அது. நாமளும் அப்படித்தான் கேக்கணும். டீச்சரைப் பாக்கும்போது "எத்தனை மார்க்கு?"ன்னு கேட்டுட்டுத் திரும்பிடாதீங்க. "வாசிக்குதா? கழித்தல் தனியாப் போடுதா? எங்க திணறுது?"ன்னு கேளுங்க.

வருஷத்துக்கு மூணு பருவம். முதல் பருவம் செப்டம்பரோட முடிஞ்சுடும். அதுக்குள்ள ஒரு தடவை போய்ப் பேசிடுங்க. குறை அப்பவே தெரிஞ்சா சரி பண்ண ரெண்டு பருவம் கையில இருக்கும். ஏப்ரல்ல தெரிஞ்சா, அந்தக் குறையோடதான் பிள்ளை நாலாம் வகுப்புக்குப் போகும்.