கணக்குக் காட்டாதவரின் மச்சினன்

வாலாஜாபாத்தில் பாலாற்றைத் தாண்டித் தெற்கே போனால் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் ஓர் ஊரின் சட்டமே எழுதியிருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-இலும் 921-இலும் வெட்டிய கல்வெட்டுகள்.

குடவோலைத் தேர்தல் என்றதும் பானை நினைவுக்கு வரும். ஊர் முப்பது குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரிந்திருந்தது. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் எடுக்கத் தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிப் பானையில் இடுவார்கள். விவரம் அறியாத ஒரு சிறுவன் ஓர் ஓலையை எடுத்துக் கொடுப்பான். அதை வாங்குகிற மத்தியஸ்தர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாதல்லவா! யாரோ ஒருமுறை கைவரிசை காட்டியிருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் பானையை விடப் பெரிய சங்கதி வேறொன்று. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி வர முடியாது. அவர் மட்டுமா? அவருடைய அப்பா, பிள்ளை, அண்ணன் தம்பி, சித்தி பெரியம்மா மகன்கள், அத்தை மகன், தாய்மாமன், மாமனார், மச்சினன், அக்காள் கணவர், மருமகன் என்று ஒருவர் விடாமல் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். பினாமிக்கு வழியே இல்லை.

எல்லாருக்குமான ஆட்சி அது என்று சொல்லிவிட முடியாது. அது பிராமணர்களுக்குக் கொடுத்த சதுர்வேதிமங்கலம். வேதம் கற்ற, பொதுவாகக் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் உள்ள ஆண்களுக்கே பானையில் இடம். வயல் உழுதவர்களுக்கும் பெண்களுக்கும் இல்லை. வயது வரம்பு முதலில் 30 முதல் 60. இரண்டே ஆண்டில் 35 முதல் 70 என்று மாற்றிக்கொண்டார்கள்.

தோட்டத்துக்கும் பொன்னுக்கும் ஏரிக்கும் தனித்தனி வாரியங்கள். ஏரி வாரியத்தில் ஆறு பேர். அவர்கள் காத்த வைரமேகத் தடாகம், பல்லவர் காலத்தில் வெட்டியது, இன்றும் ஊர் ஏரியாக இருக்கிறது.

உத்திரமேரூர் இப்போது பேரூராட்சி. சுற்றுப்பட்டு ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. வரவு செலவுக் கணக்கை அங்கே வைத்தாக வேண்டும். தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டதும் பாதிப்பேர் கிளம்பிவிடுகிறார்கள். மச்சினனைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.