பாட்டும் மருந்தும்
(தருவைகுளம் கூட்டத்தில் பேசியது)



இந்த மன்னார்க் கடலில் முத்துக் குளித்த காலத்தில் "கடல்கட்டி" என்று ஒருவன் இருந்தான். அவன் மந்திரம் சொன்னால் சுறாவின் வாய் கட்டிப்போகும் என்று நம்பினார்கள். எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு மந்திரக்காரனுக்கு என்று 13-ம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ சொல்லியிருக்கிறான். பின்னால் வெள்ளைக்கார சர்க்காரே சம்பளமும் கொடுத்தது! ஏன்? மந்திரமில்லாமல் ஒருவனும் இறங்கமாட்டான். சர்க்கார் வருமானம் போய்விடும். ஆகவே, மந்திரம் கட்டியது சுறாவையல்ல, மனிதனுடைய பயத்தைத்தான்.

ரத்தப் புற்றுநோய்க்குக் குருத்தணு மாற்றுச் சிகிச்சை செய்கிறார்கள். நம் நாட்டில் 1983-ல் பம்பாய் டாட்டா ஆஸ்பத்திரியிலும், 1986-ல் வேலூரிலும் ஆரம்பித்தார்கள். ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையைக் கடுமையான மருந்தால் அழித்து, நல்ல குருத்தணுவை ரத்தம் ஏற்றுவது போல ஏற்றுகிறார்கள். அது வேரூன்ற இரண்டு மூன்று வாரமாகும். அதுவரை நோயை எதிர்க்கும் சக்தி உடம்பில் இராது. தனி அறை, வாயெல்லாம் புண், காய்ச்சல். பெற்ற பிள்ளையைக்கூட நினைத்தபோது பார்க்க முடியாது. பயம் வராதா?

இந்தப் பயத்துக்குத்தான் பாட்டு உதவுமா என்று அமெரிக்காவில் சோதித்தார்கள். தங்கள் சொந்தக் குருத்தணுவையே ஏற்றிக்கொண்ட 69 பேரை, சீட்டுக் குலுக்குவது போல, இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவாருக்கு மட்டும் இதற்கென்று பயின்றவர்கள் பாட்டு வைத்தியம் செய்தார்கள். மற்றவர்களைவிட இவர்களுடைய மனக்கலக்க அளவு 37 சதவீதம் குறைவாயிருந்தது என்று 2003-ல் வெளியிட்டார்கள்.

இன்னொன்று மூச்சைக் கவனிப்பது. பௌத்தர்களுடைய தியானத்திலிருந்து மதத்தைக் கழித்துவிட்டு, 1979-ல் ஜான் கபாட்-சின் என்பவர் அமெரிக்க ஆஸ்பத்திரியொன்றில் பயிற்சியாக்கினார். நாளை என்னாகுமோ என்று ஓடுகிற மனத்தை, இப்போது வருகிற மூச்சுக்குத் திருப்புவது, அவ்வளவே. மூச்சடக்கி முத்தெடுத்த கரைக்கு இதையா சொல்லித்தர வேண்டும்! கண்ணை மூடிப் பாட்டில் ஒரே வாத்தியத்தின் ஒலியைப் பின்தொடர்ந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

ஆனால், "இன்ன ராகம் புற்றுநோயைத் தீர்க்கும்" என்று எவனாவது வந்தால் அவன் புதுக் கடல்கட்டி! நோயைத் தீர்ப்பது மருந்தும் குருத்தணுவும். பாட்டு, அதுவரை மனிதன் தாங்குவதற்கு. அதற்கு உயர்ந்த சங்கீதம் என்றொன்றும் வேண்டியதில்லை. நோயாளிக்குப் பிடித்தது சினிமாப் பாட்டானால் அதுதான். நம் அம்பாப் பாட்டானால் அதுதான்.

உங்கள் வீட்டில் ஒருவர் வேலூருக்குப் போக நேர்ந்தால் தாயத்துக்கும் நேர்ச்சைக்கும் ஆகிற பணத்தை ரயில் செலவுக்கு வையுங்கள். அவருக்குப் பிடித்த பாட்டுகளைக் கைபேசியில் ஏற்றிக் கொடுங்கள். அதை அந்த அறைக்குள் கொண்டுபோகலாமா, எதைக்கொண்டு துடைக்க வேண்டும் என்று நர்ஸம்மாவிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.