செங்காந்தள் உறங்கும் மாதங்கள்

வேலியோரம் செங்காந்தள் பூத்திருப்பதைப் பார்த்து, நம் வீட்டிலும் ஒன்று வைத்தால் என்ன என்று உங்களில் பலருக்குத் தோன்றியிருக்கும். தாராளமாக வைக்கலாம். நம் தமிழ்நாட்டின் மாநில மலர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் முதலில் வரும் பூ. வறண்ட காட்டில், யாரும் தண்ணீர் ஊற்றாமலே ஆண்டுதோறும் தானாகத் தழைக்கிற கொடி. அப்படிப்பட்ட கொடி தோட்டத்துக்கு வந்ததும் இரண்டாம் ஆண்டு முளைக்காமல் போவதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

பூ முடிந்து காய் முற்றியதும், தை மாசி வாக்கில், கொடி மஞ்சளித்துச் சருகாகிவிடும். பட்டுப்போயிற்று என்று சிலர் பிடுங்கி எறிகிறார்கள். சிலர், எப்படியாவது பிழைக்கட்டும் என்று தினமும் தண்ணீர் விடுகிறார்கள். மண்ணுக்குள் கிழங்கு நலமாகத்தான் உறங்குகிறது. அந்த நேரத்தில் ஈரம் பட்டால் அழுகிவிடும். தொட்டியென்றால் நிழலில், மழை படாத இடத்தில் நகர்த்தி வையுங்கள். கோடை முழுக்கத் தண்ணீர் காட்ட வேண்டாம். முளை தெரிந்த பிறகு ஊற்றினால் போதும்.

புதிதாக நட ஆனி, ஆடி ஏற்ற மாதங்கள். காட்டில் போய்த் தோண்டாதீர்கள். தோண்டித் தோண்டியே பல இடங்களில் அருகிவிட்டது. நாற்றுப் பண்ணையில் கேட்டு வாங்குங்கள். கிழங்கு கலப்பை போல இரண்டு கைகளாக வளைந்திருக்கும். கையின் நுனியில்தான் முளை இருக்கிறது. நுனி ஒடிந்தால் அந்தக் கை முளைக்காது. ஆகவே பூப்போலக் கையாளுங்கள். செம்மண், மணல், மக்கிய எரு கலந்து, தண்ணீர் தேங்காத இடத்தில் இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் படுக்கவைத்து மூடுங்கள்.

இந்தக் கொடிக்கு இலை நுனியே பற்றுக்கம்பி. தடித்த கம்பத்தை அதனால் பிடிக்க முடியாது. மெல்லிய குச்சிகளோ கம்பி வலையோ கொடுங்கள். மருந்துக்காக இதைப் பயிரிடும் மூலனூர்ப் பக்கத்து விவசாயிகள் கிளுவைச் செடியில் படர விடுவார்கள்.

பூ பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, நெருப்பாய்ச் சிவக்கும். ஒரே கொடியில் மூன்று நிறத்தையும் பார்க்கலாம். சூல்தண்டு பூவை விட்டுப் பக்கவாட்டில் மடங்கி நீண்டிருப்பதால், தன் மகரந்தம் தன் சூல்முடியில் எளிதில் படாது. விதைக்காகப் பயிரிடுவோர் காலை நேரத்தில் பூவுக்குப் பூ கையாலேயே மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். எவ்வளவு பொறுமை வேண்டும் பாருங்கள்! கறுப்பு உடலில் வண்ணப் புள்ளியிட்ட புழுக்கள் வந்தால் உடனே பொறுக்கி எடுத்துவிடுங்கள். விட்டால் இலையை மொட்டையடித்துவிடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கிழங்கு, இலை, விதை எல்லாமே கடும் நஞ்சு. கீல்வாத மருந்தாகிற கோல்சிசின்தான் அந்த நஞ்சு. சமையல் கிழங்கு என்று எண்ணித் தின்று உயிரிழந்தவர்கள் உண்டு. குழந்தைகளுக்கும் ஆடு மாடுகளுக்கும் எட்டாத இடத்தில் வளருங்கள். எடுத்து வைத்த கிழங்கைச் சமையலறைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். யாராவது தின்றுவிட்டால், வாந்தி வரட்டும் என்று காத்திராமல் அப்போதே மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள். போகும்போது செடியின் ஒரு துண்டையும் பையில் போட்டு எடுத்துச் சென்றால் மருத்துவருக்கு உதவும்.