காங்கேசன்துறை: கல்லும் நீரும்
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரை)



காங்கேசன்துறை என்றதும் மூத்த அக்காமாருக்குச் சீமெந்துத் தொழிற்சாலையும் யாழ்தேவியும் நினைவுக்கு வரும். எங்கள் தலைமுறைக்கு முட்கம்பி. இன்று வகுப்பறையில் இருக்கும் தங்கைமாருக்கு நாகபட்டினக் கப்பல். இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது சுண்ணக்கல். அதைப் பற்றிப் பேசவே இன்று உங்கள் முன் நிற்கிறோம்.

காங்கேயன் என்னும் முருகப்பெருமானின் திருவுருவம் வந்திறங்கிய துறை இது என்பது ஐதீகம். மாருதப்புரவீகவல்லியின் குதிரைமுகம் மாறியதால் மாவிட்டபுரம். நகுல முனிவரின் கீரிமுகம் மாறியதால் கீரிமலை. இரண்டு கதைகளிலும் தீர்த்தமாடித்தான் முகம் மாறுகிறது. தண்ணீரே மருந்து என்பதை வைத்தியர்களாகிய எங்களுக்கு முன்பே ஊர் கண்டுபிடித்துவிட்டது!

கீரிமலைக் கேணியில் குளித்தவர்களுக்குத் தெரியும்: ஒரு மதில் தாண்டினால் உப்புக் கடல், இப்பால் நன்னீர். குடாநாட்டில் பெய்யும் மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளால் இறங்கி, நிலத்தடியில் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. அந்த நீரே கரையோரம் ஊற்றாக வெளிவருகிறது. எங்களுக்கு ஆறு இல்லை. எங்கள் ஆறு கல்லுக்குள் ஓடுகிறது.

அந்தக் கல்லைத்தான் 1950 முதல் நாம் அரைத்தோம். ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில் எழுந்த தொழிற்சாலை அது. 1893இல் கட்டிய வெளிச்சவீடு, 1905இல் முழுமையடைந்த புகையிரதப் பாதை, துறைமுகம், சீமெந்து என்று ஊர் நகரமாகியது. எத்தனையோ குடும்பங்களுக்கு அது சோறு போட்டது; அதைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். 1990இல் போர் எல்லாவற்றையும் நிறுத்தியது. வலிகாமம் வடக்கு வெறுமையாகியது. புகையிரதம் 2015இலும் பயணிகள் கப்பல் 2023இலும் திரும்பின. தொழிற்சாலை திரும்பவில்லை.

கல் அகழ்ந்த பள்ளங்களில் இன்று நீர் நிற்கிறது. கொக்கும் நீர்க்காகமும் மீன்கொத்தியும் அங்கே இரை தேடுகின்றன. பற்றைகளுக்குள் உடும்பு, மரநாய், ஊரின் பெயருக்குரிய கீரி. பனைகளில் தூக்கணாங்குருவிக் கூடுகள். பார்க்க அழகுதான். ஆனால் காடு வளர்ந்துவிட்டதென்று எங்களால் முழுமனதோடு மகிழ முடிவதில்லை. அந்தக் காட்டுக்குள் யாரோ ஒருவரின் அடுக்களையும் கிணற்றடியும் கிடக்கின்றன. காணி உரியவருக்குத் திரும்ப வேண்டும், அதுவே முதல். அதன் பின்னரே பறவைகளைப் பற்றிய பேச்சு.

பள்ளங்களின் கதை வேறு. அங்கே இனி யாரும் வீடு கட்டப்போவதில்லை. வெற்றுக் குழிதானே, குப்பையைக் கொட்டலாம் என்று எவருக்கும் தோன்றக்கூடும். வைத்தியர்களாக எங்கள் பயம் அதுதான். சுண்ணக்கல் வடிகட்டாது, மேலே விழுவது வெடிப்புகளால் நேரே கிணற்றுக்குப் போகும். சுன்னாகக் கிணறுகளில் கழிவெண்ணெய் பற்றி எழுந்த கலக்கத்தை மறந்திருக்க மாட்டீர்கள். உரத்திலிருந்தும் மலசலகூடக் குழிகளிலிருந்தும் வரும் நைத்திரேற்று ஏற்கனவே எங்கள் கிணறுகளில் உண்டு. அது கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசன் சுமப்பதைக் கெடுக்கும். கொதிக்கவைத்தால் போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். புட்டிப்பால் கரைக்கும் அம்மாமாருக்கு இதைச் சொல்லுங்கள்.

மீண்டும் தொழிற்சாலை வேண்டும் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. வேலை வேண்டும், மறுக்கவில்லை. கல்லை அகழாத தொழிலாக அது இருக்கட்டும். பள்ளங்கள் நீர்நிலைகளாகவும் பறவைகளின் இடமாகவும் பாதுகாக்கப்படட்டும். வெளிச்சவீட்டையும் கேணியையும் பார்க்க வருபவர்கள் அவற்றையும் பார்த்துப் போகலாம்.

நூற்றாண்டு நினைவாக வளைவு கட்டலாம் என்று சிலர் கூறினார்கள். எங்கள் வேண்டுகோள் வேறு. கல்லூரியின் விஞ்ஞான மாணவிகள் சுற்றுவட்டாரக் கிணறுகளின் நீரை மாரிக்கு முன் ஒரு தடவையும் பின் ஒரு தடவையும் பரிசோதித்துப் பதிவுசெய்யட்டும். செலவை வெளிநாட்டிலுள்ள நாங்களும் நீங்களும் பகிர்ந்துகொள்வோம். உங்கள் வீட்டுக் கிணறு எங்கே இருந்தது, அதன் நீர் நன்னீரா உவரா என்பதை இன்றைக்கே ஒரு கடதாசியில் எழுதி, வாசலில் நிற்கும் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.