அன்றாட விசாரிப்பும் அரசு உதவிகளும்

(கோட்டக்குப்பத்தில் நடந்த ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனை ஆயர் ஆற்றிய உரை)



அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில் ஒரு முறுமுறுப்பைப் பார்க்கிறோம். உணவு இல்லாமல் போகவில்லை. பந்தி விசாரிப்பில் சில விதவைகள் விடுபட்டுப்போனார்கள். அதைக் கவனிப்பதற்கென்றே ஏழு பேர் தெரிந்தெடுக்கப்பட்டார்கள். இன்றும் அரசு உதவிகள் பல உண்டு. ஆனால் ஓர் உதவி இன்னொன்றோடு சேர்ந்திருக்கும். ஒன்று இன்னொன்றைத் தடுக்கும். ஒன்று இன்னொன்றுக்கு வாசலாயிருக்கும். இதை விளக்க ஆளில்லாமல் ஏழைகள் இழந்துபோகிறார்கள்.

முதலாவது, சேர்ந்திருப்பவை. தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962இல் தொடங்கியது. மத்திய அரசின் திட்டம் 1995 ஆகஸ்ட் 15 அன்று மாதம் 75 ரூபாயோடு வந்தது. இவை இரண்டு ஓய்வூதியங்கள் அல்ல. 2023 ஆகஸ்டில் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்ட தொகையில், 60 முதல் 79 வயது வரை உள்ளவருக்கு மத்திய அரசின் பங்கு 200 ரூபாய் மட்டுமே, மீதி மாநிலத்தினுடையது. அப்படியே, டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்குள் மத்திய அரசின் மகப்பேறு உதவியும் அடங்கியிருக்கிறது. இரண்டாவது மனு போட்டு அலைவது வீண்.

இரண்டாவது, தடுப்பவை. கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 அன்று மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கியது. விதவை ஓய்வூதியம் வாங்கும் தாய்க்கு இது கிடையாது. ஆனால் அதே வீட்டிலுள்ள மருமகள் மற்றத் தகுதிகள் உடையவளானால் விண்ணப்பிக்கலாம் என்று 2023 ஆகஸ்டிலேயே விதி தளர்த்தப்பட்டது. "மாமியார் பென்ஷன் வாங்குகிறார், எனக்குக் கிடைக்காது" என்று மருமகள் சும்மா இருந்துவிட்டால், அந்த வீடு ஆண்டுக்கு 12,000 ரூபாயை இழக்கிறது. கடும் பாதிப்புள்ள மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்குப் பராமரிப்பு உதவித்தொகை வருவதும் தாய்க்குத் தடையல்ல.

மூன்றாவது, வாசலாயிருப்பவை. மருத்துவமனையில் இருக்கிற எனக்கு இதுவே பெரிய பாரம். முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் வேண்டும். 2022இல் திட்டம் நீட்டிக்கப்பட்டபோது ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். மகளிர் உரிமைத் தொகைக்கோ 2,50,000 ரூபாய். ஆகவே உரிமைத் தொகை வாங்கும் குடும்பமெல்லாம் காப்பீட்டிலும் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்த பிறகு சான்றுக்காக ஓடுகிற மகன்களை வார்டில் பார்க்கிறேன். நோய் காத்திருப்பதில்லை.

கோட்டக்குப்பத்தாருக்கு இன்னுமொரு சிக்கல் உண்டு. வேலைக்கும் வைத்தியத்துக்கும் புதுச்சேரி கூப்பிடு தூரம். ஆனால் குடும்ப அட்டை விழுப்புரம் மாவட்டத்தது. மனு போகவேண்டியது வானூர் வட்டத்துக்கு. எல்லைக்கு அப்பால் உறவினருக்குக் கிடைப்பது நமக்கும் கிடைக்கும் என்று காத்திருக்க வேண்டாம். அங்கே அரசு வேறு, விதி வேறு.

அன்பானவர்களே, உங்கள் காணிக்கை மருந்துக்கும் படுக்கைக்கும் உதவுகிறது, அதற்காக நன்றி. இன்று நான் கேட்பது உங்கள் நேரத்தை. எழுதப் படிக்கத் தெரிந்த, ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் அலுவலர்களும் உங்கள் சபைகளில் இருக்கிறார்கள். மாதம் ஒரு நாள், ஏழைக் குடும்பம் ஒன்றோடு உட்காருங்கள். குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றையும் விரித்து வைத்து, வீட்டில் ஒவ்வொருவருக்கும் என்ன வருகிறது, எது விடுபட்டது, எந்தச் சான்று இல்லை என்று பாருங்கள். தொகைகளும் விதிகளும் மாறுகிறவை. கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்ட அலுவலகத்திலோ கேட்டு உறுதிசெய்து கொள்ளுங்கள். நோய் வருமுன் வருமானச் சான்றை வாங்கி வையுங்கள்.

அன்று ஏழு பேர் தேவைப்பட்டார்கள். இங்கே எத்தனை பேர் முன்வருவீர்கள்?

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.